புவனா அக்கா விற்க விடாத வீடுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை சிட்னி நார்த்மீட்டிலிருந்து புவனா அக்காவின் தங்கை ராஜி அழைத்தார். "அக்கா போயிட்டா, தம்பி. தேத்தண்ணி கொண்டு போனன். கதிரையிலை அப்பிடியே இருந்தவா."

நம் பிளாக்டவுன் மூத்தோர் கூட்டத்தில் புவனா அக்காவை அறியாதவர் இல்லை. எல்லோருக்கும் முன்பே வந்து மேசை துடைத்து வைப்பவர். இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு மாளிகைக்கு எசமானியாக இருந்தவர் என்பதுதான் பலருக்குக் கடைசிவரை தெரியாது. அங்கே எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், "கடற்கரைப் பக்கம்" என்பார். அவ்வளவுதான்.

எனக்கே அது ஒரு கார்ப் பயணத்தில்தான் தெரிந்தது. வொல்லொங்காங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், கடல் தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தானாகவே சொல்லத் தொடங்கினார்.

பருத்தித்துறையிலிருந்து தாதிப் படிப்புக்கு லண்டன் போனவர். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த எட்வர்டை அங்கே சந்தித்து மணந்திருக்கிறார். எட்வர்ட் அந்த மாளிகைக் குடும்பத்தின் மூத்த மகன். குன்றின்மேல் மாளிகை, சரிவில் வயல்கள், கடலோரம் மீனவர்கள் வாடகைக்கு இருந்த கல்வீடுகள் ஒரு வரிசை. எல்லாமே பல தலைமுறைகளாக அந்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தம்.

முதல் நாள் மாமியார், சுவரில் தொங்கிய முன்னோர்களின் ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, உங்கள் வீட்டிலும் இப்படி உண்டா என்று கேட்டாராம்.

"ஒண்டு இருக்கு, அப்பான்ரை அடையாள அட்டைப் படம் எண்டு சொன்னனான். மனிசி சிரிச்சுப்போட்டுது. அதுக்குப் பிறகு எங்களுக்குள்ளை சண்டை இல்லை."

மாமியாரும் எட்வர்டும் காலமான பின் சொத்து அக்காவிடமும் எட்வர்டின் தம்பி ஹென்றியிடமும் வந்தது. மாளிகையின் கூரை ஒழுகியது. மீனவர் வீடுகளை ஒரு ஹோட்டல்காரருக்கு விற்று அதைத் திருத்தலாம் என்றார் ஹென்றி. அக்காவின் சம்மதமின்றி விற்க முடியாது. அக்கா கடலோரம் இறங்கிப் போய், ஒவ்வொரு வீட்டிலும் இருந்து பேசிவிட்டு வந்தார்.

"மாளிகையை விடுவம், ஹென்றி. எங்கள் ரெண்டு பேருக்கும் எத்தினை அறை தேவை எண்டு கேட்டன். அந்த மாரி முழுக்க அவர் என்னோடை கதைக்கேல்லை. அந்த நீட்டு மேசையிலை தனியத்தான் சாப்பிட்டனான்."

"பயமா இருக்கேல்லையோ அக்கா?"

"ஓம், இருந்தது. பாட்டன் பூட்டன் காத்த வீடு. எங்கையோ இருந்து வந்த நான் குடுக்கிறன். பிழை விடுறனோ எண்டு ஒவ்வொரு நாளும் யோசிச்சனான்."

குளிர் முடியும்போது ஹென்றியே வந்து சம்மதித்திருக்கிறார். மாளிகை ஒரு பொது அறக்கட்டளைக்குப் போனது. கல்வீடுகள் அவற்றில் இருந்தவர்களுக்கே ஆயின. ஆளில்லாமல் கிடந்த கடைசி வீட்டுக்கு ஹென்றி குடிபோனார். அக்கா இரண்டு பெட்டிகளுடன் தங்கை ராஜியிடம் சிட்னிக்கு வந்துவிட்டார்.

இறுதிச் சடங்கில் நீங்களும் ஹென்றியைத் திரையில் பார்த்தீர்கள். பயணம் செய்ய முடியாத வயது. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "முன்பு நான் அந்த மீனவர்களின் வாசலுக்குப் போனால் எழுந்து நிற்பார்கள். இப்போது தள்ளி உட்கார்ந்து இடம் தருகிறார்கள். புவனா எனக்குத் தந்தது அது."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. வீடு குடிபுகும் விழாக்களில் நாமெல்லாம் குளியலறைகளைப் பார்ப்போம், வட்டி வீதம் பேசுவோம். அவர் மட்டும் வீட்டுக்காரரிடம், "இதுக்கு முதல் ஆர் இருந்தவை? இப்ப எங்கை இருக்கினம்?" என்று கேட்பார். பலருக்குத் தெரியாது. அவர் அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை.

போன கிழமை என் மகள் தான் வாங்கிய வீட்டின் திறப்பைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நான் அதையே கேட்டேன். "ஐ டோன்ட் நோ, அப்பா" என்றாள்.

மறுநாள் அவளே அழைத்தாள். "பக்கத்து வீட்டிலை கேட்டனான், அப்பா. ஒரு வயசான அன்ரி தனிய இருந்தவவாம். இப்ப கிட்டடியிலை ஒரு முதியோர் இல்லத்திலை இருக்கிறா. அவ வச்ச எலுமிச்சை நல்லாக் காய்ச்சிருக்கு. சனிக்கிழமை கொஞ்சம் கொண்டுபோய்க் குடுப்பமோ?"