கோர்ட்டுக்கு மூன்று தடவை போன டிஸ்க்குகள்

ஹம்தான் சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் புறப்பட்டது 2024 ஜூன் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பக்ரீத்துக்கு மறுநாள். திருவனந்தபுரம் போகிற வாடகைக் கார் தென்காசி கோர்ட்டுப் பக்கம் அவன் கடை வாசலில் வைப்பரை ஆட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் இரண்டு தடவை ஆரன் அடித்துப் பார்த்தான். ஹம்தான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கிற மாதிரி இல்லை.

"பழைய விண்டோஸ் பூரா வைரஸு. எல்லாத்தையும் தொடச்சுட்டு லினக்ஸ் போட்டுட்டேன். இனி ஒரு பய உள்ள வர முடியாது" என்றான்.

"நானாவது வரலாமா மச்சான்?" என்று கேட்டாள் அவன் மனைவி பர்சானா.

"ஒனக்குத் தனியாப் பேரு போட்டிருக்கேன்லா. 'ஜெராக்ஸ்'னு இருக்கும் பாரு, அதை அமுக்குனா நேரா உள்ள போயிரும். எல்லாத்தையும் தொறக்குத பெரிய பாஸ்வேர்டு ஒண்ணு இருக்கு. கார்ல போம்போது அனுப்புதேன்."

மூன்றாவது ஆரனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை. செங்கோட்டை ரோட்டில் கார் திரும்புகிற வரைக்கும் பர்சானா சாரலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து போனைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வரை பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

கடையில் இரண்டு இயந்திரம் உண்டு. ஜெராக்ஸ் மெஷின் பர்சானாவுடையது, கம்ப்யூட்டர் ஹம்தானுடையது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் பாகம் பிரிந்திருந்தது. குற்றாலத்துப் பெண்கள் கல்லூரியில் கணக்குப் படித்தவள் அவள். கடையநல்லூரிலிருந்து காலை எட்டரை மணி பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்குவாள். தாள் சிக்கினால் சத்தத்தை வைத்தே எந்த உருளையில் என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் அவள் கை போனதில்லை. ஏதாவது என்றால், "மச்சான், ஒங்காளு கூப்பிடுது" என்பாள்.

இப்போது அந்த ஆளையும் அவள்தான் கட்டி மேய்க்க வேண்டியதாயிற்று. வக்கீல்கள் கோர்ட்டில் வீடியோ, ஆடியோ என்று எதைக் கொடுப்பதானாலும் டிஸ்க்கில் எழுதித்தான் கொடுப்பார்கள். அவர்களுடைய லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற இடமே கிடையாது. அந்தத் தெருவில் டிஸ்க் எழுதுகிற ஒரே கடை இதுதான்.

ஹம்தான் போன பத்தாம் நாள் வக்கீல் கைலாசம் வந்தார். கூடவே இலத்தூர் வடிவம்மாள். கையில் மஞ்சள் பை, நெற்றியில் வேர்வையோடு கலந்த திருநீறு.

"இதுல ரெண்டு காப்பி வேணும்மா. அசல் எங்கிட்டயே இருக்கட்டும். உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு" என்று ஒரு டிஸ்க்கை நீட்டினார் கைலாசம்.

விஷயத்தை வடிவம்மாள்தான் சொன்னாள். அவள் மகன் இசக்கிதுரை போன சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தான். ஐந்தருவி கார் ஸ்டாண்டில் யாரோ அடித்துக்கொண்டதில் ஒருவனுக்கு மண்டை உடைந்து, போலீஸ் எழுதின ஏழு பேரில் இவன் பேரும் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் இவன் லாட்ஜ் மாடியில் வெந்நீர் வாளி சுமந்துகொண்டிருந்தான். லாட்ஜ் கேமராவில் அது மணியோடு பதிவாகியிருந்தது. கேமரா பெட்டியில் பழைய பதிவு பதினைந்து நாளில் அழிந்துவிடும் என்று, டெக்னீஷியனைப் பிடித்து ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தார்கள்.

"போலீஸ் பரீட்சை எழுதுனான் தாயி. ஓட்டம், கயிறு எல்லாத்துலயும் பாஸு. இப்ப விசாரிக்க வருவாவ. கேஸு தலைமேல நின்னா வேலை கெடைக்குமா? எங்க வீட்டுல மூணு பேரு காக்கி போட்டிருக்காவ. இவன் மட்டும் வாளி தூக்கணுமா?"

பர்சானா டிஸ்க்கைப் போட்டாள். திரையில் டிஸ்க்கின் பேர் வந்தது. உள்ளே நான்கு ஃபைல், ஒவ்வொன்றின் மேலும் சின்னப் பூட்டுப் படம். தொட்டால் அனுமதி இல்லை என்றது. மறுபடி தொட்டாள். மறுபடி அதே பதில்.

"டெக்னீஷியன் பூட்டு போட்டுருக்கான் சார். காப்பி எடுக்க விடாது போல."

"அவன் ஏம்மா பூட்டப்போறான்? லாட்ஜ்ல போட்டா நல்லா ஓடுச்சே" என்றார் கைலாசம். எப்படியாவது எடுத்து வை என்று டிஸ்க்கை அவளிடம் விட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹம்தான், கூட வேலை பார்க்கிறவன் போனில் கூப்பிட்டான். ஏர்போர்ட்டில் அவனுடைய போன் கீழே விழுந்து செத்துப்போயிருந்தது.

"அது காப்பிப் பூட்டு இல்லட்டி. அந்தக் கேமரா பெட்டிக்குள்ளயும் லினக்ஸ்தான். அது எழுதும்போதே 'முதலாளி மட்டும் பார்க்கலாம்'னு எழுதிருக்கும். விண்டோஸ் அதைக் கண்டுக்காது, நம்மாளு கண்டுக்கிடும். பெரிய பாஸ்வேர்டைப் போடு, தொறந்துரும்."

"அதை நீங்க அனுப்பவே இல்லியே."

"அன்னைக்கே அனுப்பிட்டேனே!"

"வரல மச்சான். இப்பச் சொல்லுங்க."

"அவசரத்துல என்னத்தப் போட்டேன்னு... அனுப்பிட்டோம்ல, இனி எதுக்குன்னு விட்டுட்டேன். ஒம் பேரு போட்டுப் பாரேன்."

தன் பேரைப் போட்டாள். பிள்ளைகள் பேர், மாமியார் பேர், கல்யாணத் தேதி, பைக் நம்பர், அவன் முதல்முதல் கத்தார் போன வருஷம் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தப்பு என்றது. ஒரு பய உள்ளே வர முடியாது என்று அவன் சொன்னது சரிதான், அவளே வெளியே நின்றாள்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் அரபியில் இருந்த விசா பேப்பரை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தபோது பர்சானாவுக்கு ஒன்று தட்டியது. இந்த மெஷினுக்கு அரபி தெரியுமா? தெரியாது. வாசிக்காமல்தானே படம் பிடிக்கிறது? டிஸ்க்கையும் உள்ளே திறக்காமல் மொத்தமாக எடுத்தால் என்ன? எழுதுகிற புரோகிராமில் தேடினாள். டிஸ்க்கை முழுசாகக் காப்பி எடு என்று ஓர் இடம் இருந்தது. அமுக்கினாள். பூட்டைப் பற்றி அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து நிமிஷம் உள்ளே சுழற்றிவிட்டு, வெற்று டிஸ்க் கொடு என்றது.

ஆனால் ஒரு சங்கடம். அசலையே திறக்க முடியாதவள் காப்பியை எப்படித் திறந்து பார்ப்பாள்? பேர் வந்தது, நான்கு பூட்டும் அப்படியே வந்தது. அதை வைத்து, ஆகியிருக்கும் என்று நம்பி வடிவம்மாளிடம் கொடுத்துவிட்டாள்.

ஆகவில்லை. வாய்தா அன்று மத்தியானம் கைலாசம் வந்தார். "அங்க போட்டா டிஸ்க்கே இல்லைன்னு சொல்லுதும்மா. பேருகூட வரல. நல்லவேளை, எதிர்த்தரப்புக் காப்பியும் அரசு வக்கீல் கையிலதான் இருந்துது, அதையும் போட்டுப் பாத்தோம். அதுவும் அப்படித்தான்."

"அசலைப் போட வேண்டியதுதான சார்?"

"அந்த டிரைவுல போன வாரம் ஒரு டிஸ்க் உள்ள மாட்டி ஸ்குரு டிரைவரு போட்டு எடுத்தாங்க. அசலைக் குடுத்துட்டு நான் கையைப் பிசையவா? ரெண்டு வாரம் தந்திருக்கு."

திரும்பி வந்த டிஸ்க்கை இங்கே போட்டால் பேர் வந்தது. இது என்ன கூத்து என்று அவளுக்கு விளங்கவில்லை. பூட்டா, லினக்ஸா, டிஸ்க்கா, அந்த டிரைவா, தன் கையா? வேறு கம்பெனி வெற்று டிஸ்க் வாங்கி, மறுபடி எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாய்தாவிலும் அதே கதை.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான்னு சொல்லிட்டாவ தாயி" என்றாள் வடிவம்மாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பர்சானாவுக்குத் தாங்கியிருக்கும். அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பொட்டிக்கு எம்மவன் மேல என்ன கோவம்?"

அந்த வாரம் பர்சானா தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் செய்தாள். ஆடி மாசத்துச் சாரலில் ஜெராக்ஸ் தாளே நமுத்துப்போய் ஒட்டிக்கொள்கிறது, டிரைவின் கண்ணாடியில் ஈரம் பூக்காதா என்று பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டாள். எழுதுகிற வேகத்தை ஆகக் குறைத்தாள். 'எழுதி முடித்ததும் டிஸ்க்கை மூடிவிடு' என்று ஒரு கட்டம் இருந்தது; அர்த்தம் சரியாகப் புரியாமலே டிக் அடித்தாள். எதனால் சரியாகும் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் செய்துவிட வேண்டியதுதான். கடைசி வாய்தா அன்று கடையைப் பூட்டிவிட்டு, "நானும் வாரேன்க்கா" என்று வடிவம்மாளோடு நடந்தாள்.

கோர்ட்டுக்குத் திரும்புகிற முக்கில் வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார். "ஒரு நிமிசம் தாயி" என்று வடிவம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். பர்சானா கொஞ்சம் தள்ளி நின்றாள். வடிவம்மாள் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். ஒரு பொட்டலம் பிரித்தாள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, டிஸ்க்கின் பளபளக்கிற பக்கத்தில் நாலு திசைக்கும் நாலு பொட்டு வைத்தாள். பிள்ளையார் காலடியில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு முந்தானையால் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றி நன்றாகத் தேய்த்துத் துடைத்து, திரும்ப உறையில் போட்டாள்.

பர்சானா வீட்டில் முக்கியமான காகிதத்தைக் கையில் எடுத்தால் இறைவன் பேரால் என்று பிஸ்மி சொல்வார்கள், அவ்வளவுதான்.

"யக்கா! என்னக்கா செஞ்சிய?"

"மஞ்ச வச்சேன் தாயி. புதுத் துணி, பத்திரிகை எதுன்னாலும் நாலு மூலைக்கும் வைக்கமாட்டோமா? இதுக்கு மூலை இல்ல. அதான் சுத்தி வச்சேன்."

"முன்ன ரெண்டு தடவையும் வச்சியளா?"

"வைக்காம? அவன் பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கும் வச்சேன். பாஸானானா இல்லியா?"

"அந்தப் பக்கத்துலதான்க்கா எழுத்தே இருக்கு!"

வடிவம்மாள் டிஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுத்து இந்தப் பக்கம்லா இருக்கு" என்று, ஸ்கெட்ச் பேனாவால் பர்சானா வழக்கு நம்பர் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினாள். "இது மொகம் பாக்குத கண்ணாடி மாதிரி இருக்கு. இதுதான் மொகம்னு நெனச்சு வச்சேன்." சட்டென்று அவளுக்கு உறைத்தது. முகம் சுருங்கியது. "அப்ப எம்மவனை நாந்தான் கெடுத்தனா?"

"யாரும் கெடுக்கல. வாங்க."

கோர்ட் வாசல் குழாயில் டிஸ்க்கைக் கழுவினாள் பர்சானா. நடுவிலிருந்து விளிம்புக்கு, சுற்றாமல், தன் துப்பட்டா நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வெயில் இல்லை, ஊதி ஊதிக் காயவைத்தாள். வடிவம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், தொடவே பயந்தவள் போல. இதைப் பார்த்துக்கொண்டு வந்த கைலாசம், "என்னம்மா, கோர்ட்டு வாசல்ல பாத்திரம் வெளக்குதிய?" என்றார்.

அன்று டிஸ்க் ஓடியது. லாட்ஜ் மாடி வராந்தாவில் இசக்கிதுரை வாளியோடு போனான், காலி வாளியோடு திரும்பினான், மறுபடி போனான். ஓரத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வாய்தாவில் அவன் பேர் வழக்கிலிருந்து போயிற்று.

கடைக்கு வந்த வடிவம்மாள், "மஞ்சதான தாயி காரணம்? மெய்யாச் சொல்லு" என்றாள்.

பர்சானாவுக்குத் தெரியவில்லை. மஞ்சளாக இருக்கலாம். ஈரமாக இருக்கலாம். வேகமாக இருக்கலாம். அந்தக் கட்டமாகவும் இருக்கலாம். நாலையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டாள். கணக்குப் படித்தவள் செய்கிற காரியமா அது? "மழைதான்க்கா காரணம்" என்றாள். அந்த அம்மாளிடம் அதைத் தவிர வேறு எதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஓடாத டிஸ்க்குகளைக் கழுவி மேசை டிராயரில் போட்டாள். உள்ளே போக வழி கிடைத்தால் ஒருநாள் திறந்து பார்த்துவிட வேண்டும்.

வழி கிடைக்கவில்லை. அது இல்லாமலே வேலை நடந்தது. கம்ப்யூட்டரும் மெல்ல அவள் பாகத்துக்கு வந்துவிட்டது. கார்த்திகையில் இசக்கிதுரை பயிற்சிக்குப் போனான். மொட்டைத்தலை போல ஒட்ட வெட்டிய முடியோடு, காக்கி அரைக்கால் சட்டையில் அவன் நிற்கிற போட்டோவை வடிவம்மாள் லேமினேஷன் போடக் கொண்டுவந்தாள். போடுவதற்கு முன்னால் மூலைகளில் மஞ்சள் வைக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக வைக்கச் சொன்னாள் பர்சானா.

2025 பிப்ரவரியில், தம்மாமில் அறையில் கூட இருக்கிறவன் யாரோ ஹம்தானின் செத்த போனைப் பிரித்து உயிர் கொடுத்தான். எட்டு மாசமாக அதற்குள் போகாமல் கிடந்த செய்தி புறப்பட்டு, தென்காசியில் ஜெராக்ஸ் மெஷின் மேல் இருந்த பர்சானாவின் போனில் வந்து விழுந்தது:

"பர்சானா, ஏர்போர்ட் வந்துட்டேன். பாஸ்வேர்டு நம்ம கடை போர்டுல இருக்குத பழைய லேண்ட்லைன் நம்பர், முன்னால சைபரோட. டிஸ்க் எழுதுததுக்கு அது தேவைப்படாது, ஏதாவது தொறக்க மாட்டேன்னு சொன்னா மட்டும் போடு. சாரல் நேரம் டிரைவ் பக்கத்துல குண்டு பல்பு எரியட்டும். பயப்படாத, ஒனக்கு வரும். கூப்பிடுதானுவ. போய்ட்டு வாரேன்."