பொன்ராஜ் வெட்டிய அழுகை

குன்னூரில் பொன்ராஜ் எடுக்கும் கல்யாண வீடியோவில் யாரும் சண்டை போடமாட்டார்கள். பந்தியில் முகம் சுளித்த சம்பந்தி, சீர்த்தட்டைத் தள்ளிவிட்ட மாமன், எல்லாரையும் வெட்டிவிட்டுத்தான் வீட்டாருக்குக் கொடுப்பார். வெட்டியதை அழிக்க மட்டும் மனம் வராது. ஹார்டு டிஸ்கில் கிடக்கும்.

கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனான நவநீதன் ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தான். வீடியோவில் என்ன நடக்கிறது என்று தானாகவே கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறானாம். "வெட்டாததுதாங்கண்ணா வேணும்" என்றான். பல்கலைக்கழகமே தன்னைத் தேடி வந்த பெருமையில் பொன்ராஜ் டிஸ்கை அப்படியே கொடுத்தார். அதில் இருந்தவர்கள் யாரையும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து அவன் லேப்டாப்போடு வந்தான்.

"எதாவது சொல்லுங்கண்ணா, தேடித் தரும்."

"மழை."

ஒழுகும் பந்தல்கள் வரிசையாக வந்தன. பொன்ராஜ் சிரித்தார். "வெயில்னு போட்டுப் பாரு. மழை ஓயாத மஞ்சூர்க் கல்யாணம் ஒண்ணுகூட வராது."

நவநீதன் 'அழுகை' என்று அடித்தான்.

முதலில் வந்தவள் ராஜகுமாரி. மண்டபத்தின் பின்படியில், முகூர்த்தப் புடவையோடு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்ப்பா. என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"இதைத்தாங்கண்ணா எங்க போனாலும் காட்டுறேன். கை தட்டுறாங்க."

"எடுத்துரு."

"எங்கிட்ட இருக்கறத எடுத்தரலாம். மத்த காலேஜுக்கெல்லாம் அனுப்பிட்டேனுங்களே."

ஸ்டுடியோவுக்குக் கீழேதான் ராஜகுமாரியின் தையல் கடை. புருஷனை விட்டு வந்தபின் தொடங்கியது. பொன்ராஜ் படியிறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் நின்றது.

"நான் அதை வெட்டித்தான் குடுத்தேன் அம்மிணி. உங்க ஊட்ல யாரும் பாக்கலை."

திட்டுவாள் என்று நின்றார். அவள் துணியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

அவர் தலையசைத்தார்.

"யாருக்கும் கேக்கலைன்னு நெனச்சுத்தான் அப்பா என்னை உள்ள இழுத்துட்டுப் போனாரு. யாருக்கும் கேக்கலைன்னு நெனச்சுத்தான் நானும் போனேன்."

அன்றைக்குப் பொன்ராஜ் கேமராவில் பேட்டரியை மாற்றிக்கொண்டு, தாலி கட்டுவது தவறிவிடக் கூடாதென்று மேடைக்கு ஓடியிருந்தார்.