இடது கைக்கு மாறிய வளையம்

உயரே வந்த வளையத்தைத் தாவிப் பிடித்தபோதுதான் அந்த வலி முதன்முதலில் வந்தது. வலது விலாவுக்குள் ஊசி இறங்கியதுபோல் இருந்தது. வளையம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"என்னடி, பகல்லயே தூங்குறியா?" என்று மரகதம் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்கு மூச்சு போதவில்லை.

மிஷன் பள்ளியில் படித்த பெண்களுக்கு வளையப்பந்து தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலாக எறிய வேண்டும். எதிரில் இருப்பவர் அதை ஒரு கையால் பிடித்து, பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும். வாடிப்பட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த மரகதமும் நானும் ஜோடி. எங்கள் ஜில்லாவில் எங்களைத் தோற்கடிக்க ஆள் இல்லை. அடுத்தது திருச்சியில் மாகாணப் போட்டி.

அம்மா வாயு என்று நினைத்துத் தைலம் தடவினாள். வலி போகவில்லை. மாலைதோறும் காய்ச்சல் வந்தது. பள்ளி மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தேன். ஆசிரியராக இருந்த அப்பா ஒருநாள் ஜட்கா வண்டி வைத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா என் முதுகை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். வலப்பக்கம் கீழே சத்தம் மந்தமாக இருந்தது. புளூரிசி (நுரையீரலை மூடியிருக்கும் உறையில் வரும் அழற்சி) என்றார். உறைக்குள் நீர் சேர்ந்திருந்தது. தடித்த ஊசியை விலாக்களுக்கு இடையே செலுத்தி அதை எடுத்தார்கள். வெளிர் மஞ்சளாக, என் உடம்புக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றாக அது பாத்திரத்தில் கிடந்தது.

"க்ஷயமா?" என்று அப்பா தணிந்த குரலில் கேட்டார்.

"அதோட வாசல்ல நிக்குது சார். உள்ள விடாம பாத்துக்கணும். இதுக்குன்னு தனி மருந்து இல்ல. பால், முட்டை, மீன் எண்ணெய், நல்ல காத்து. எல்லாத்தையும் விடப் படுக்கைதான் முக்கியம்."

"திருச்சிக்குப் போகணுமே?" என்றேன்.

"திருச்சி எங்கயும் போயிராது. நீ படு."

ஆஸ்பத்திரியிலேயே படுத்தேன். ஓடி ஆடிய உடம்புக்குப் படுத்திருப்பதுதான் கடினமான வேலை. கூரையைப் பார்த்தபடி மனத்துக்குள் வளையத்தை எறிந்துகொண்டிருந்தேன். மரகதம் வேறொருத்தியோடு திருச்சிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, "அவ எங்க நிப்பான்னே எனக்குத் தெரியலடி" என்று அழுதாள்.

நான் வீடு திரும்பியதும் அம்மாவின் தம்பி வந்தார். "கல்யாணம் பண்ண வேண்டிய பிள்ள. நெஞ்சுச் சீக்குன்னு வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா? இனி ஆட்டம் கீட்டம்னு பேச்சே வேணாம் மச்சான்."

"மொதல்ல அவ நல்லா மூச்சு விடட்டும் மாப்ள. மத்ததை அப்பறம் பேசுவோம்" என்றார் அப்பா.

நீர் வற்றியது. ஆனால் உறை ஒட்டிக்கொண்டது. வலது கையைத் தோளுக்குச் சற்று மேலே உயர்த்தினாலே விலா இழுத்துப் பிடித்தது. டாக்டரம்மா இரண்டு புட்டிகளைக் குழாயால் இணைத்துத் தந்தார். ஒன்றிலிருக்கும் தண்ணீரை ஊதியே மற்றதற்குத் தள்ள வேண்டும். முதலில் குமிழிகூட வரவில்லை, கண்தான் இருட்டியது. விடாமல் ஊதினேன். ஒருநாள் தண்ணீர் முழுவதும் மறுபுட்டிக்குப் போனது. அம்மா ஓடிவரும்படி கத்தினேன். கத்த முடிந்ததே என்பது பிறகுதான் உறைத்தது.

மூச்சு திரும்பியது. வலது கை மட்டும் தோளுக்கு மேல் எழவேயில்லை.

"இடது கையால ஆடலாமா டாக்டர்?"

அவர் என் முதுகை மறுபடி தட்டிப் பார்த்தார். "ஜோடியா மட்டும் ஆடு. ஆடுறப்பவே பேசிப் பாரு. பேச்சு நின்னா ஆட்டமும் நிக்கணும்."

கொல்லைப்புறத் துணிக்கொடியை வலையாக வைத்து, நடை பழகும் குழந்தைபோல் எறியக் கற்றேன். வளையம் கிணற்றடிக்குப் போகும், கூரைக்குப் போகும். சனிக்கிழமைகளில் மரகதம் வருவாள். கொஞ்சமும் இரக்கம் காட்டமாட்டாள். "மெதுவா எறிஞ்சா உனக்கு எப்படி வரும்? ம், பிடி!"

மறுவருஷம் திருச்சியில் ஆடினோம். நான் முன்னால், அவள் பின்னால். ஆட்டம் முழுக்க, "வாரேன்", "விடு", "எனக்கு" என்று பேசிக்கொண்டே இருந்தேன். என் குரல் நின்றால் மரகதம் உடனே பின்னலை அவிழ்த்துக் கட்டத் தொடங்குவாள். "ஏம்மா, எம்புட்டுத் தடவ சடை போடுவ?" என்று நடுவர் அதட்டினார். மரகதம் பணிவாக மன்னிப்புக் கேட்டபடியே ரிப்பனை இன்னும் மெதுவாக முடிந்தாள்.

இறுதி ஆட்டம் வரை போனோம். கடைசிப் புள்ளிகளில் தோற்றோம். மரகதம் வலையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தாள். பக்கத்தில் நான் நிமிர்ந்து நின்றிருந்தேன். அப்போதும் பேச முடிந்தது.

இதைப் படிக்கிறவர் படுக்கையில் இருக்கலாம். பழைய உடம்பு திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள், எனக்கு வரவில்லை. கிடைத்திருக்கும் உடம்புக்கு எறியக் கற்றுக்கொடுங்கள்.

இப்போது நான் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். மாலையில் பிள்ளைகளோடு ஆடுகிறேன். வலப்பக்கம் உயரே வரும் வளையத்துக்கு நான் தாவுவதில்லை. அது விழுகிறது. நடந்து போய் எடுக்கிறேன். நிமிரும்போது மூச்சு அடிவரை போய் வருகிறது. முன்பெல்லாம் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே இவ்வளவு நேரம் இருந்ததே எனக்குத் தெரியாது.