பாலாஸ்பத்திரி பாஞ்சாலி

காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் பாஞ்சாலி தொட்டில் தொட்டிலாக நின்று சமாச்சாரம் விசாரிப்பாள். "இன்னா நைனா, உங்கப்பன் கடலுக்குப் போச்சா, இல்ல குடிச்சிட்டுக் குந்திக்கினு கீதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருப்பாள். குழந்தை காலை உதைக்கும். "அதானே பார்த்தேன்" என்று அடுத்த தொட்டிலுக்குப் போவாள். பல வருஷங்களாக இதைப் பார்த்திருக்கிறேன். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவாக இருந்தாலும் அதற்கும் ஒரு கேள்வி உண்டு, பதில் சொல்ல அவகாசமும் உண்டு.

மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் பக்கம் போகும் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் சிசு பராமரிப்பு நிலையம். மாதர் சங்கத்தார் நடத்துகிறார்கள். நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் ஏற்றுமுன் கைக்குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுப்பதால் அவர்கள் வாயில் இது "பாலாஸ்பத்திரி". நான் வராந்தாவில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு சட்டையும் தொட்டில் துணியும் தைக்கிறவள். பாஞ்சாலிக்கு நான் "தையலம்மா". நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பதால் பார்ப்பதற்கு நேரம் நிறைய.

பாஞ்சாலியும் குப்பத்துக்காரிதான். கறுத்தவள், தோள் அகன்றவள், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். எந்தப் புடவை கட்டினாலும் இடது இடுப்புப் பக்கம்தான் முதலில் நையும். அங்கேதான் எப்போதும் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். அழுகிற குழந்தையைக் கொஞ்ச மாட்டாள், அதட்டுவாள். "யாரு செத்தாங்கன்னு இப்ப ஒப்பாரி? உங்காத்தா வஞ்சிரம் வித்துக்கினு கீறா. வருவா, வருவா. மூடு." அதுவும் வாயை மூடிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் தொண்டை அடைப்பு நோய் வந்தது. அடுத்தடுத்த தொட்டிலில் கிடந்த இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அதன் பிறகுதான் சங்கத்தார் ஒரு தீர்மானம் போட்டார்கள். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்று, பரீட்சையில் தேறி, சர்டிபிகேட் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் அடுத்த சித்திரை முதல் கூடத்தில் குழந்தைகளைத் தொடலாம். மற்ற ஆயாக்களுக்கு வாசல் வேலை.

பயிற்சி நடத்தியது எங்கள் நிலையத்து நர்ஸ் கோமளம். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, வீட்டாரை எதிர்த்துப் படித்தவர். கண்டிப்புக்காரர். மத்தியானத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஆயாக்களை உட்கார வைத்துப் பாடம் சொல்வார். "கண்ணுக்குத் தெரியாத கிருமி நகத்துல இருக்கு, எச்சில்ல இருக்கு. குளிப்பாட்டிட்டு மூக்குல ஊதறேளே, அதை இன்னியோட விட்டுடணும், தெரிஞ்சுதா?"

பாஞ்சாலியைப் போல அந்தப் பாடங்களை நம்பியவர் யாரும் இல்லை. எழுதத் தெரியாது. கேட்டதை நீர் இறைக்கும்போதும் துணி அலசும்போதும் முணுமுணுத்துப் பாடமாக்குவாள். மூக்கில் ஊதுவதை விட்டாள். புகையிலையை விட்டாள். பால் புட்டியைக் கொதிக்கும் நீரில் போட்டுவிட்டு, அரிசி வேகிறதா என்று பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே நிற்பாள். சாயங்காலம் குழந்தையை வாங்க வரும் தாய்மார்களை வாசலிலேயே மறிப்பாள்.

"கைய கயுவினியா?"

"இன்னாக்கா, எம்புள்ளயத் தொட எனுக்குச் சட்டமா?"

"உன் புள்ளதான். கைல கீற புயு யாரு புள்ள? போய்க் கயுவிக்கினு வா."

அவள் புருஷன் முனியனுக்கு இது பெரிய வேடிக்கை. ஒருநாள் கருவாட்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்றவன் உரக்கச் சொன்னான்: "டாக்டரம்மா கீறாங்களா? எனுக்கு வவுத்துல பசின்னு ஒரு நோவு கீது. மருந்து ஊட்லதான் கீதாம். வந்து ஊத்தச் சொல்லு."

"சர்ட்டிபிட்டு வரட்டும்யா" என்றாள் பாஞ்சாலி. "அப்பாலே நீ கூட கைய கயுவினாத்தான் சோறு." அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளும் சிரித்தாள். ஆனால் என் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. "தையலம்மா, தவறிட்டா வாசல்ல நிக்க சொல்லுவாங்களாமே. உள்ள ஒண்ணு அயுவும், நான் வாசல்ல இன்னா பண்ணிக்கினு இருப்பேன்?"

பரீட்சை பங்குனி மாதத்தில் எங்கள் கூடத்திலேயே நடந்தது. வெளியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மேஜைமேல் ஒரு பீங்கான் பொம்மை. நீலக் கண், சிவந்த கன்னம். அதைத்தான் குளிப்பாட்டிக் காட்ட வேண்டும். மற்றப் பெண்கள் அதைப் பொம்மையாகவே பிடித்தார்கள். அந்தோணியம்மாள் என்ற சிறு வயது ஆயா காலைப் பிடித்துத் தூக்கித் திட்டு வாங்கினாள், ஆனாலும் தேறினாள்.

பாஞ்சாலி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். முழங்கையை நீரில் நனைத்துச் சூடு பார்த்தாள். பொம்மையின் கழுத்தின் கீழ் இடது கையைக் கொடுத்து இறக்கினாள். காதுமடல், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாடத்தில் சொன்ன வரிசையில் போயிற்று. துவாலையில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்தபோது கோமளத்தின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு நிம்மதி இருந்தது. டாக்டரம்மாவும் பூரித்துப்போனார்.

"பேஷ்! ரொம்ப அழகாப் பண்றே. குழந்தையும் தங்க விக்கிரகமாட்டம் மின்னறது பாரு!"

இடுப்பில் இருக்கிற குழந்தையை ஒருவர் வாய்விட்டுப் புகழ்ந்தால், வைத்திருப்பவள் சும்மா இருக்க முடியுமா? பாஞ்சாலி பொம்மையை மார்போடு அணைத்து, அதன் முகத்துக்கு நேரே "தூ, தூ, தூ" என்று துப்பினாள்.

அந்தோணியம்மாள்தான் முதலில் சிரித்தாள். "யக்கா, பொம்மைக்குமா திஷ்டி?" எல்லாரும் சிரித்தோம். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு பஞ்சை எடுத்துப் பொம்மையின் கன்னத்தை ஒற்றி, அதில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இங்கே இருக்கிற குழந்தைகளுக்கும் இப்படித்தான் பண்ணுவியா?"

கோமளம் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாஞ்சாலி பெருமையாகச் சொல்லிவிட்டாள்: "இல்லாம? ஒரு புள்ளய உட்டது இல்லம்மா. யாராச்சும் கண்ணு வெச்சா ஒடனே துப்பிடுவேன். ஊர்க் கண்ணெல்லாம் இந்தப் பச்ச மண்ணுங்க தாங்குமா?"

மூக்கில் ஊதுவது தப்பு, வாயில் மென்று ஊட்டுவது தப்பு என்று கோமளம் சொல்லிக் கொடுத்திருந்தார். இதைச் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பது. சொல்ல வேண்டிய ஒன்றாக அவருக்குத் தோன்றியிராது. அன்று டாக்டரம்மாவிடம் வெகுநேரம் வாதாடினார். டாக்டரம்மா கோபிக்கவில்லை. "நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், கோமளம்? நீங்களே சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டார். பாஞ்சாலியின் சர்டிபிகேட்டில் கையெழுத்து விழவில்லை.

சாயங்காலம் குழந்தைகள் எல்லாம் போன பிறகு பாஞ்சாலி கோமளத்தின் முன்னால் வந்து நின்றாள். சர்டிபிகேட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"யம்மா, அந்த மயக்காலத்துல போச்சே ரெண்டு புள்ளைங்க. அதுங்களுக்கும் துப்பினேன். தொண்ட நோவுன்னு சொன்னாங்க. எச்சில்ல புயு கீதுன்னு நீதானே சொன்னே. என்னாலயாம்மா?"

"அசடு மாதிரிப் பேசாதே" என்றார் கோமளம்.

"இல்லன்னு சொல்லும்மா."

கோமளம் பொய் சொல்லத் தெரியாதவர். அவர் மேஜைமேல் இருந்த துவாலையை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். "அது யாருக்குத் தெரியும், பாஞ்சாலி? யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

பாஞ்சாலி தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டவள் ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள்.

சித்திரையில் அவளை வாசலுக்கு மாற்றினார்கள். தண்ணீர் இறைப்பது, முற்றம் கூட்டுவது, கதவு திறப்பது. கூடத்துக்குச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சர்டிபிகேட்டோடு ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். குழந்தைகள் அவளிடமும் பழகிவிட்டன. இந்த வருஷம் மறுபடி பரீட்சை வந்தபோது கோமளம் தாமே வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். "வா, நான் சொல்லித் தரேன். இந்தத் தடவை நிச்சயம் தேறிடுவே."

"எனுக்கு வேணாம்மா" என்றாள் பாஞ்சாலி. "தேறிட்டா, அப்பாலே தொடணுமே."

இப்போதும் அவள் வாசலில்தான் இருக்கிறாள். கூடையை இறக்காமல் வருகிற பெண்கள் அவசரத்தில், பழைய வழக்கமாக, குழந்தையை அவள் பக்கம் நீட்டிவிடுகிறார்கள். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் மூச்சு அதன்மேல் படாதபடி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.