வண்டியில் ஏறிய சம்பந்தி

டூர் மேனேஜர் என்றால் எல்லாரும் பேண்ட் போட்ட ஆளைத் தேடுகிறார்கள். நான் சேலையில்தான் நிற்பேன். மெயின்லேண்டிலிருந்து வருகிற தமிழ்க் கூட்டங்களை போர்ட் பிளேர் ஏர்போர்ட்டில் கூப்பிட்டு, ஊர் சுற்றிக் காட்டி, சாப்பிட வைத்து, திரும்ப விமானம் ஏற்றிவிடுவது என் வேலை. கம்பெனி கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் வீட்டில் கருவாடு காயப்போட வேண்டியதுதான். மழை மாதங்களில் அதுகூட முடியாது. எனக்குப் படிக்கத் தெரியாது. கம்பெனி அனுப்புகிற விவரத்தைப் பேத்தி வாசித்துச் சொல்வாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

போன சீசன் ஆரம்பத்தில் மதுரையிலிருந்து ஒரு புதுக் கம்பெனி கூப்பிட்டது.

"இந்த குரூப்ப குறையில்லாம முடிச்சுக் குடுங்கம்மா. சீசன் முழுக்க நம்ம குரூப் எல்லாம் உங்களுக்குத்தான்," என்றார் அந்தத் தம்பி. அது கிடைத்தால் வருஷம் பூராவும் கவலையில்லை. கிடைக்க வேண்டுமே என்று இருந்தேன்.

வந்தவர்கள் கோவில்பட்டிப் பக்கத்து ரிட்டயர்டு வாத்தியார்கள். தமிழில் கூவிக் கூவி வேனில் ஏற்றினேன். தலையை எண்ணினால் கணக்குச் சரி. அவர்களில் ஒருவர் காய்ச்சல் வந்து ஊரிலேயே நின்றுவிட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு கணக்கு எப்படிச் சரியாக வந்தது? அதற்குத்தான் வருகிறேன்.

கடைசி சீட்டில் ஒரு பெரியவர், மடியில் முறுக்கு டின். மத்தியானம் மீன் வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கூட்டத்திலும் குறை சொல்ல ஒருவர் இருப்பார். சேலத்துக்காரர் ஒருவர் கடல் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்று என்னிடம் புகார் சொன்னதுண்டு. இவர் எதைக் காட்டினாலும் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு சாத்தம் மர மில்லுக்குப் போனோம். பெரியவர் என் பக்கத்தில் வந்தார்.

"மாப்பிள்ளை வேலை பாக்குற மில்லு இதுதான, சம்பந்தியம்மா? வீட்டுக்குப் போகுமுன்ன இதக் காட்டணும்னு தோணுச்சே உங்களுக்கு!"

"யாருக்கு யாரு சம்பந்தி?"

"நீங்கதான் எனக்கு. இவ்வளவு சொந்தக்காரங்கள வேற கூட்டிட்டு வந்திருக்கீங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்குவீங்கன்னுல்ல நெனச்சேன்."

ஓரமாக உட்காரவைத்து விசாரித்தேன். அவர் மகள் இந்த ஊர்ப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டவள். கோபத்தில் இவர் கல்யாணத்துக்கே வரவில்லை. சம்பந்திகளைப் பார்த்ததும் இல்லை. இப்போது பேரன் பிறந்திருக்கிறான், மனசு இளகிப் புறப்பட்டுவிட்டார். நான் தமிழில் கூப்பிட்டதும் என் பின்னால் வந்துவிட்டார். வாத்தியார்கள் அவரைக் கம்பெனி ஆள் என்று நினைத்திருக்கிறார்கள்.

"போன் எங்க அண்ணாச்சி?"

"பிளேன்ல அணைக்கச் சொன்னாக. திரும்பப் போடச் சொல்லலையே."

போட்டதும் மணி அடித்தது. மகள்தான். அழுகை எங்களுக்கே கேட்டது. "ஏர்போர்ட் பூரா தேடிட்டோம்பா. கடைசி நேரத்துல மனசு மாறி வராம இருந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

மகள் வீடு டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில். வெள்ளைக்காரன் காலத்து ஜெயிலில் சாயங்காலம் லைட் ஷோவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆட்டோ பிடித்து அவரை அனுப்பிவிட்டால் எல்லாம் நேரத்துக்கு முடியும், கம்பெனிக்கும் தெரியாது. அனுப்பத்தான் நினைத்தேன். பெரியவர் டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாராச்சும் கூட வாங்களேன். ஒத்தையா அவ முன்னால போயி என்னத்தப் பேச?"

ஒரு டீச்சரம்மா முந்திக்கொண்டார். "கூட உக்காந்து சாப்பிட்ட மனுசர ஆட்டோவுல ஏத்துறதா? வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

டிரைவர் பெங்காலி. "ஷோ சூட் ஜாயேகா, மௌசி," என்றான், ஷோ போய்விடும் என்று. "ஜானே தோ," என்றேன், போகட்டும் என்று.

மகள் வீட்டு வாசலில் நாங்கள் எல்லாரும் வேனிலிருந்து இறங்க இறங்க அசல் சம்பந்தியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சண்டைக்கு ஆள் திரட்டி வந்திருக்கிறார் என்று நினைத்தாராம். மகள் ஓடி வந்து பிள்ளையை அப்பா கையில் கொடுத்தாள். பேச வேண்டியதைப் பேரனே கத்தித் தீர்த்தான். எல்லாருக்கும் பவுடர் பாலில் டீ, முறுக்கு. டீச்சரம்மா பிள்ளைக்குத் தாலாட்டே பாடிவிட்டார். வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது, ஷோ முடிந்திருந்தது.

மறுநாள் கம்பெனித் தம்பி போனில் கத்தினார். வாங்கிக்கொண்டேன். சீசன் போனது என்று கருவாட்டுக்கு மீன்கூடச் சொல்லிவைத்தேன். வாத்தியார்கள் ஊர் திரும்பிய பிறகு அவரே மறுபடி கூப்பிட்டார், குரல் இறங்கியிருந்தது.

"அடுத்த குரூப்பும் நீங்கதான் பாக்கணும்மா. அந்தக் குழந்த வீட்டுக்குப் போனதுதான் டூர்லயே பெஸ்ட்டுங்கிறாங்க. அதயும் புரோகிராம்ல போட்டுரலாமா?"

"போடலாம் தம்பி. ஆனா ஒவ்வொரு தடவையும் கோவிச்சுக்கிட்ட அப்பா ஒருத்தர நீங்கதான் அனுப்பி வைக்கணும்," என்றேன்.