எந்தத் தெவிகம?

உள்ளூராட்சித் தேர்தல் அன்று மதியம் ஒன்றரை மணிக்கு எனக்கு ஒரு போன். ராசம்மா மதினி.

"தம்பி, இங்க எங்க பேரே இல்லைங்கிறாங்க..."

குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. தெமோதரைக்கு மேலே ஆண்டவர் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். அண்ணனுக்குக் கொழும்பில் வாட்ச்மேன் வேலை. நான்? இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பதுளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தைத் தமிழாக்குவேன், தமிழைச் சிங்களமாக்குவேன், நடுவில் சீல் குத்துவேன். குடும்பத்தில் அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். அது ஒரு பெருமை. அன்றைக்கு மதியம் வரை.

விஷயம் இதுதான். எல்லா முறையும் மதினி ஓட்டுப் போடுவது தோட்டத்து ஸ்கூலில். இந்த முறை ஸ்கூல் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வட்டாரத்துக்கும் புதுப் பெயர். வந்த வாக்காளர் அட்டையில் 'தெவிகம பல்நோக்கு மண்டபம்' என்றிருந்தது.

தெவிகம எங்கே இருக்கிறது?

கட்சிக்காரப் பையன்கள் முதல்நாளே வந்து, "பிள்ளைக் காம்பராவுக்கு வந்துருங்க, அங்கதான் ஓட்டு" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக் காம்பரா என்றால் தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். மதினியின் லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மதினி நம்பவில்லை. அட்டையில் அப்படி இல்லையே! கட்சிக்காரன் பேச்சைக் கேட்டு யார் ஓட்டுச் சாவடிக்குப் போவார்கள்? படித்த ஆளைக் கேட்போம் என்று அன்று காலையிலேயே எனக்குப் போன் போட்டார்.

படித்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா?

"தெவிகமவா? அது பசறை தாண்டி, மொனராகலை ரோட்டுல இருக்கு மதினி. பதுளைக்கு வந்து பஸ் மாறுங்க."

அங்கே ஒரு தெவிகம இருப்பது உண்மை. எத்தனையோ காணிப் பத்திரங்களில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். அட்டையின் மற்ற வரிகளையும் வாசிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெரிந்த பெயரைக் கேட்டதும் நாக்கு முந்திக்கொண்டது.

மதினி தனியாகப் போகவில்லை. "எங்க கொழுந்தன் சொல்லிருச்சு" என்று இன்னும் ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, இரண்டு பஸ் மாறி, அந்தத் தெவிகமவில் போய் வரிசையிலும் நின்றுவிட்டார்.

"தம்பி, இங்க போலீஸ்காரர் ஒருத்தர் பேசணுங்கிறார்" என்று போனைக் கைமாற்றினார்.

சிங்களத்தில் பேசத் தயாரானேன். அவரோ தமிழில் ஆரம்பித்தார்.

"ஐயா, இது ஆண்டவர் தோட்டத்து அம்மாங்க தானே? நான் அங்க ரெண்டு வருஷம் ட்யூட்டி செஞ்சது. இவங்களுக்கு ஓட்டு இங்க இல்ல. அவங்க ஊர்லயே, பிள்ளைக் காம்பராவுல. அதுக்குத்தான் புதுசா சிங்களத்துல போர்டு போட்டிருக்கு. தெவிகம சொல்லி."

எங்கள் பெண்களுக்கு அவர்களுடைய சொந்த ஊர் எது என்று, அரைகுறைத் தமிழில், ஒரு சிங்களப் போலீஸ்காரர் சொல்லிக் கொடுத்தார். நான் இரண்டு மொழிக்கும் சீல் வைத்திருக்கிறேன்.

வாக்களிப்பு நான்கு மணிக்கு முடியும். போலீஸ்காரரே ஒரு வேனை மறித்து எட்டுப் பேரையும் ஏற்றி அனுப்பினார். பதுளை பஸ் ஸ்டாண்டில் நான் மூன்று த்ரீவீலர்களோடு நின்றேன். மணி மூன்றே கால். முதல் இரண்டில் ஏழு பெண்களையும் நெருக்கி ஏற்றிவிட்டுத்தான் மதினி கடைசி வண்டியில் ஏறினார். பக்கத்தில் நான்.

"இவளுகள கூட்டிட்டு வந்தது நான். இவளுக மொதல்ல போகட்டும்."

பாதி வழியில் ரயில் கேட். முன்னால் போன இரண்டு வண்டிகளும் கடந்துவிட்டன. எங்களுக்கு முன்னால் மரம் இறங்கியது.

ரயில் ஆற அமர வந்தது. கதவுக்குக் கதவு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள், பாதி உடம்பு வெளியே, கையில் போன். மதினியைப் பார்த்து ஒரு பெண் உற்சாகமாகக் கையசைத்தார். மதினியும் அசைத்தார். மரியாதை தெரிந்தவர்.

நாங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி ஆறு நிமிடம். கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து வந்த இளம் அதிகாரி, பாவம், கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "இனி முடியாதும்மா. சட்டம்."

மற்ற ஏழு பேரும் சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். யாரும் மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மதினியின் அப்பா ஒரு ஓட்டுக்கூடப் போடாமல் செத்தவர். இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை என்று எங்களில் பல பேரை எந்த நாட்டுக்கும் சேர்த்தி இல்லாமல் விட்டிருந்த காலம் அது. மதினிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது வயது இருபதைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு தேர்தல் தவறியதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். எங்கள் அம்மா செத்த மூன்றாம் நாள் போயிருக்கிறார். இந்த முறை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பெட்டியில் போட முடியவில்லை — கொழுந்தன் படித்தவன் என்பதால்.

திட்டியிருந்தால் தேவலை. மதினி மை படாத விரலைச் சேலைத் தலைப்பில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி. டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

பாவத்துக்குப் பரிகாரமாக, வட்டாரப் பெயரைத் திருத்தச் சொல்லி மனு எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பிள்ளைக் காம்பராவில் கூட்டம்.

வாலிபர் சங்கத்துத் தினேஷ் முதலில் எழுந்தான். "தெவிகம வேணாம். ஆண்டவர் தோட்டம்னு தமிழ்ப் பேரு மட்டும்தான் இருக்கணும். வேற எந்த மொழியும் கூடாது!"

கைதட்டல். அதோடு முடித்திருக்கலாம்.

கோயில் தலைவர் கனைத்துக்கொண்டார். "ஆண்டவர்னு மொட்டையா போட்டா எப்புடி? பழனியாண்டவர்னு முழுசா போடுங்க. முருகன் பேருல வந்த ஊரு இது."

உபதேசியார் எழுந்தார். "மன்னிக்கணுங்க. ஆண்டவர்னா அது எங்க ஆண்டவர். மேல் லயத்து மாதா கோயில் எப்பவுலேர்ந்து இருக்குன்னு கேட்டுப் பாருங்க."

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. தெவிகமவை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம். "பழைய பிறப்புச் சான்றிதழ்களில் இந்தத் தோட்டத்துக்கு லாண்டவரி என்று பெயர். ஆரம்பித்த துரை வேல்ஸ் நாட்டுக்காரராக இருக்க வேண்டும். லாண்டவரி அங்கே ஒரு ஊர். நம் ஆட்கள் வாயில் அது ஆண்டவரி ஆகி, ஆண்டவர் ஆகிவிட்டது. அதை யாரோ அப்படியே சிங்களமாக்கியதுதான் தெவிகம. தெய்வத்தின் ஊர்."

"அப்ப இது வெள்ளைக்காரன் பேரா?" என்றான் தினேஷ். அடி வாங்கியவன் குரல்.

அதுவும் முழு உண்மை இல்லை. முதல்நாள் இரவு போனில் தேடிப் பார்த்திருந்தேன். லாண்டவரி என்பதே ஆங்கிலேயர் நாக்கில் சிதைந்த பெயராம். வெல்ஷ்காரர்கள் சொல்லும் அசல் பெயர் என் வாயில் நுழையவில்லை. அர்த்தம் மட்டும் புரிந்தது — தண்ணீருக்கு அருகில் இருக்கும் தேவாலயம். இதைச் சொன்னதும் உபதேசியார் முகத்தில் வெளிச்சம். உடனே கோயில் தலைவர், "கோயிலுன்னா எல்லாம் கோயிலுதானே" என்றார்.

இன்னொன்றும் படித்தேன். அந்த வேல்ஸில் இப்போது தேர்தல் தொகுதிகளுக்கு வெல்ஷ் பெயர் மட்டும்தானாம். இங்கிலீஷ் பெயர் கிடையாது. காலங்காலமாகத் தங்கள் பெயரை இழந்தவர்களுக்குக் கொண்டாட்டம். அந்த மொழி தெரியாதவர்களுக்கு எரிச்சல் — எங்கள் ஊரை எங்களுக்கே தெரியவில்லை என்று. யார் பக்கம் நியாயம்? பத்து வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன். அந்த டீயைக் குடித்த பிறகு சொல்ல வரவில்லை.

மூலையில் இருந்த பியதாச முதலாளி கையைத் தூக்கினார். ரோட்டோரக் கடைக்காரர், வட்டாரத்தின் சிங்கள வாக்காளர்களில் ஒருவர். "தெவிகம நல்ல பேரு. எனக்குப் புடிக்கும். ஆனா பஸ்ல அப்படிச் சொன்னா எவனும் எறக்கி விடமாட்டான். நானும் ஆண்டவர் சொல்லித்தான் எறங்குறது."

கடைசியில் மதினி எழுந்தார். கூட்டங்களில் பேசிப் பழக்கமில்லாதவர். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"எந்த ஆண்டவரா வேணா இருக்கட்டும். எங்க அப்பா அந்தப் பேரச் சொல்லித்தான் வேலை செஞ்சாரு. தெவிகமன்னும் போடுங்க, சிங்கள ஆளுங்களும் இங்கதான் இருக்காங்க. பக்கத்துல நம்ம பேரையும் போடுங்க. அட்டைய வாசிச்சா நான் நடந்து போற எடம் தெரியணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் மனு. இரண்டு பெயரும், இரண்டு எழுத்திலும். தினேஷுக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டான். முதலாளி சிங்களத்தில் போட்டார். மதினி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினார். சிங்களப் பிரதியில் நான் ஆண்டவரை மொழிபெயர்க்கவில்லை. ஒலி எப்படியோ அப்படியே எழுதிச் சீல் குத்தினேன்.

போன வாரம் பதில் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம். அதற்கு முன் ஒரு சிறு விளக்கம் மட்டும் வேண்டுமாம்: 'மேற்படி ஆண்டவர் என்பவர் யார் என்பதை எழுத்து மூலம் உறுதிப்படுத்தவும்.'

உலகம் தோன்றிய நாளிலிருந்து யாராலும் முடியாத காரியம்... எங்களுக்குப் பதினான்கு நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள்.