மஸ்கட்டிலிருந்து பார்சலில் வந்த சீர்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் காரமடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் குடியிருந்தோம். என் மகளுக்கு மூன்றாவது வயது. வெள்ளகோவில் பக்கம் இருக்கும் என் வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்துவிட்டார்கள். அவருடைய அண்ணன் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைத்ததால் தள்ளிப்போடவும் வழியில்லை.

காதுகுத்து என்றால் தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? மாமன் எடுத்து வந்த புதுத்துணியை உடுத்தி, மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்கள் பக்கம் காது குத்துவார்கள். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோயமுத்தூரில் அப்பா அம்மாவோடு நாங்கள் இருந்த வாடகை வீட்டில் வேறு யாரோ குடிவந்தாகிவிட்டது. லேத் பட்டறையில் வேலை பழகிய தம்பி மஸ்கட்டுக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்றான்.

என் மாமியார் நல்ல மனுஷி. ஆனால் எதையும் பட்டென்று முடித்துவிடப் பார்ப்பார். "போச்சாது உடு அம்மணி. உங்க ஒறம்பரை சனத்துல முறைக்கு ஒரு மாமனப் புடிச்சு உக்கார வெச்சுக்கலாம். துணியும் நாமளே எடுத்துக்கலாம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ அந்த 'நாமளே எடுத்துக்கலாம்' சுருக்கென்று குத்திவிட்டது. அப்படியென்றால் எனக்கென்று ஒருத்தரும் இல்லை என்றுதானே ஆகிறது? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எந் தம்பி சீர் அனுப்புவானுங்க அத்தை. அதை உடுத்தித்தான் எம் புள்ளைக்குக் காது குத்தோணும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

தம்பிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டு ஃபோனுக்குக் கூப்பிடுவான். நான் ஓட்டமாக ஓடிப் போய்ப் பேசுவேன். அத்தையிடம் நான் பேசிவிட்டு வந்ததைச் சொன்னதும், "என்னால வர முடியலீன்னா சீருமா வராது? நீ வெசனப்படாத அக்கா" என்றான். அடுத்த வாரம் பார்சலை அனுப்பிவிட்டேன் என்று சொல்லி அதன் நம்பரையும் கொடுத்தான். அதற்கும் அடுத்த வாரம், "இங்க போஸ்ட் ஆபீஸ்ல கேட்டுட்டேன். இண்டியா போய்ச் சேந்துருச்சாம் அக்கா!" என்று கத்தினான்.

இந்தியா என்ன எங்கள் வீட்டு வாசலா, வந்து சேர்ந்ததும் கையில் எடுத்துக்கொள்ள? அன்றிலிருந்து எங்கள் ஊர்த் தபால்காரருக்கு நிம்மதி போயிற்று. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் போதும், வேலியோரம் போய் நிற்பேன். பாவம், தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிடுவார். "வெளிநாட்டுப் பார்சலுன்னா சென்னையில பிரிச்சுப் பாத்துட்டுத்தானுங்க உடுவாங்க. சித்தெ பொறுங்க" என்பார். நானும் எவ்வளவுதான் பொறுப்பது?

என் நச்சரிப்பு தாங்காமல் என் வீட்டுக்காரர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். சென்னைக்குப் போட்டு, ஒருத்தர் மாற்றி ஒருத்தரிடம் பேசி, கடைசியில் ஒரு சேதியோடு வந்தார். பார்சலைச் சோதித்து முடித்துக் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதற்கப்புறமும் நாலைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. காதுகுத்துக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. மாமியார் கடைவீதிக்குப் போய்ப் பிள்ளைக்கு ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வந்து பீரோவில் வைத்தார். அதைப் பார்த்ததும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கோயமுத்தூரில் விசாரித்து விசாரித்துப் பார்சல்கள் வந்து சேரும் ஆபீசைக் கண்டுபிடித்தேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நம்பரைச் சொன்னதும் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் அம்மணி, அது உங்களுதுங்களா? அது வந்ததுல இருந்து இங்க ஒருத்தரும் நிம்மதியா சோறு திங்க முடியலீங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். ஒரு மூலையில் சாக்கு விரித்து, அதன்மேல் என் பார்சலை மட்டும் தனியாக வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் ஊறிக் கறுத்துக் கிடந்தது. கிட்டே போனதும் ஒரு புளித்த வாடை. இப்படிச் சேதமாகி வந்தால் உரியவர் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டுமாம். நேரில் வரச் சொல்லி எனக்கு அன்று காலைதான் கடிதம் போட்டிருக்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்தார். அங்கே வேலை செய்கிற மூன்று நான்கு பேர் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று சுற்றி நின்றுகொண்டார்கள். முதலில் கையில் வந்தது ஒரு தேங்காய். குடுமியோடு, மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்த முழுத் தேங்காய். வழியில் எங்கேயோ விரிசல் விட்டு, தண்ணீர் ஒழுகி, உள்ளே அழுகிவிட்டிருந்தது. அதோடு ஒரு பொட்டலம் மஞ்சள் கிழங்கு. அதுவும் ஊறிச் சாயம் இறங்கி, பெட்டியின் அடியெல்லாம் மஞ்சளாகியிருந்தது.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மஸ்கட்டுல இருந்து தேங்காயாங்க! அதுவும் நம்மூருக்கா! பொள்ளாச்சிக்காரன் கேட்டா என்னங்க நெனைப்பான்?" என்றார் அவர். இன்னொருவர், "ஈரோட்டு மஞ்சள்தான் ஒரு சுத்து சுத்தீட்டுத் திரும்பி வந்துருக்குதுங்க" என்றார். இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உச்சி மயிரெல்லாம் நட்டுக்கொண்டது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! உங்க ஊட்ல தேங்கா மஞ்சள் இல்லாம வெறுந்துணியத்தான் சீரா வெப்பீங்களா? அவனுக்கு ஆரு இருக்கறாங்க எடுத்துச் சொல்ல? அம்மா இருந்தா சொல்லீருக்கும்!" என்று கத்த ஆரம்பித்தவள், அம்மா என்ற வார்த்தை வந்ததும் உடைந்து போனேன். முன்பின் தெரியாத ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

சிரிப்பெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. "என்ன சீருங் அம்மணி?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

"தாய்மாமன் சீருங்க. நாளாண்ணிக்கு எம் புள்ளைக்குக் காதுகுத்துங்க. தம்பியால வர முடியலீங்க. பொறந்த ஊட்டுல இருந்து வர்றது இது ஒன்னுதானுங்க."

அதற்கப்புறம் அவர் அந்தப் பெட்டியைத் தொட்ட விதமே மாறிவிட்டது. உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பூப்போல எடுத்து மேசைமேல் வைத்தார். பிள்ளையின் சிவப்புப் பட்டுப்பாவாடையையும் சட்டையையும் தம்பி நாலைந்து பிளாஸ்டிக் பைகளில் சுற்றி ஒட்டியிருந்தான். ஒரு பொட்டு ஈரம் படவில்லை. எனக்கு எடுத்த பச்சைச் சேலைக்குத்தான் ஒரே பை. அது கிழிந்து, சேலையின் ஒரு மூலை முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது. நான் அந்த மூலையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

"புதுத்துணிக்கு மூலைல மஞ்சள் வெக்கறது வழக்கந்தானுங்களே. உங்க தம்பி பாசத்துல கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுப்போட்டாருங்க" என்றார் அவர்.

அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மனசுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. "சீர்த் தேங்கா அழுகிப் போச்சுங்களே. எங்க அத்தை கேட்டா சகுனம் செரியில்லைன்னு சொல்லுவாங்களே" என்றேன்.

"சாமிக்கு ஒடைக்கறப்ப அழுகியிருந்தாத்தானுங்க சகுனம். இது பாவம், தூர தொலைவு வந்து அடிபட்டுப் போச்சு. சித்தெ இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகைப்பூ. டீ கொண்டு வரும் பெரிய எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து ஒருத்தர் கொண்டு வந்தார். அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மா தன் சுருக்குப்பையிலிருந்து குங்குமம் எடுத்துத் தேங்காய்க்குப் பொட்டு வைத்தார். பாவாடை சட்டையையும் சேலையையும் தட்டில் அடுக்கி, மேலே பூவை வைத்தார்கள்.

"உங்க தம்பி பேரு என்னுங்க?" என்று கேட்டார் அவர். சொன்னேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, விசேஷ வீட்டில் சபையில் சொல்வதுபோலவே சத்தமாகச் சொன்னார், என் தம்பியின் பெயரைச் சொல்லி, "தாய்மாமன் சீர் கொண்டாந்திருக்கறாருங்க. பொறந்தவ வாங்கிக்கோணுங்க!"

நான் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா என் நெற்றியில் குங்குமம் வைத்து, "மகராசியா இரு கண்ணு" என்றார். அவர்களுக்கு நான் யார்? என் தம்பி யார்? எந்த ஊர், என்ன சாதி சனம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், அழுகின தேங்காய் உட்பட. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அந்தச் சேலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கோயிலில் நான் மஞ்சள் கறை தெரியாமல் மடிப்புக்குள் சொருகிக்கொண்டு வந்தபோது, அவரே அதை உருவி வெளியே தெரியும்படி விட்டார். "எதுக்கு மறைக்கற? உம் பொறந்தவன் வெச்ச மஞ்சள். நாலு பேரு பாக்கட்டும்" என்றார். முறைக்கு மாமனான ஒரு சொந்தக்காரர் மடியில், தம்பி அனுப்பிய சிவப்புப் பாவாடையில் உட்கார்ந்து என் மகள் ஊரைக் கூட்டி அழ, காது குத்தி முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது. பாவாடை அளவு சரியாக இருந்ததா, சேலை பிடித்ததா என்று எதையும் கேட்பதற்கு முன்னால், "அக்கா, தேங்கா நல்லா இருந்துச்சா? ரெண்டு மூணு கடை ஏறி எறங்கி, காதுகிட்ட ஆட்டிப் பாத்து எடுத்தேன்" என்றான்.

"முத்தின காயி சாமி. ஒடைச்சதும் அப்படியே வெள்ளை வெளேர்னு இருந்துச்சு" என்றேன். அந்தப் பக்கம் அவன் விட்ட பெருமூச்சு எனக்கு நன்றாகக் கேட்டது. நான் சொன்னது பொய்யும் இல்லை, எவர்சில்வர் தட்டில் வந்த காய் அப்படித்தான் இருந்தது.

தம்பி ஊர் திரும்பிக் கல்யாணமும் ஆகி, சீரும் சிறப்புமாக எத்தனையோ முறை என் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனாலும் உங்களுக்குப் பொறந்த ஊடு எதுங்க என்று யாராவது கேட்டால், கோயமுத்தூர் என்று சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாங்கள் குடியிருந்த வீடு இல்லை, இப்போது முகம்கூட மறந்துபோன அந்த நாலைந்து பேர்தான்.